கையசைக்கும் ஊர்

"அண்ணே, இங்க நத்தை வீடு எங்க இருக்கு?"

வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன வீடு?"

"நத்தை மாதிரி சுருண்டு சுருண்டு மேல போகுமே. படிக்கட்டுகூட வெளியில இருக்கும்."

"பல் டாக்டர்னு சொல்லுங்க. நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க. ரொம்ப வலிக்குதா?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு. அங்க போயிட்டா என் வீட்டுக்கு வழி தெரியும்."

கடைக்காரர் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினார்.

வழி கேட்டவர் கட்டிடப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். பதினைந்து வருடமாகக் கிடங்குகளை மட்டுமே வரைந்தவர். நாலு சுவர், ஒரு கூரை, லாரி நுழைய ஒரு கதவு. மாற்றலாகி வந்த இந்த ஊரிலோ கட்டிடங்கள் வளைந்தன, நெளிந்தன, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தன. அவர் குடியிருப்பது மட்டும் ஒரு சந்துக்குள் தீப்பெட்டி போல நின்றது. ஆபீஸ் பார்த்துக் கொடுத்த மாடி வீடு. ராத்திரியில் வந்து இறங்கி ஒரு வாரம்தான் ஆகிறது.

காலையில் அவர் கிளம்பும்போது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா ஒரு நடை போயிட்டு வந்துடறேன்!"

"பதினோரு மணிக்கு இன்டர்வியூ, ஞாபகம் இருக்கட்டும்! பத்துக்குள்ள வந்துடுங்க. எனக்கு வழி தெரியாது, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்!" தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் குரல் வந்தது. "அந்தப் பின் ரூம் பெட்டிகளை எப்பதான் பிரிப்பீங்க? அடைச்சுக்கிட்டு நிக்குது, அந்தப் பக்கக் கதவையே திறக்க முடியலை!"

"சாயங்காலம்!"

அவருடைய மாற்றலுக்காகத் தான் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள். கணக்கு டீச்சர். இந்த ஊரில் அவளைக் கூப்பிட்ட முதல் பள்ளிக்கூடம் இது.

நத்தை வீடு, புத்தக அடுக்கு போல நின்ற வங்கி, குடை விரித்த பேருந்து நிலையம் என்று பார்த்துக்கொண்டே போனவர், ஒரு பெரிய சாலைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

எதிர்ப்புறத்தில் ஒரு கட்டிடம் அலையடித்துக்கொண்டிருந்தது. மாடிக்கு மாடி பால்கனிகள் நெளிந்து, ஒன்று முன்னே வர ஒன்று பின்வாங்கியது. சாலையைத் தோண்டும் இயந்திரத்தின் இரைச்சல்கூட அவர் காதில் விழவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து வராததற்கு மட்டும் வருந்தினார்.

நான்காவது மாடியில், தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண் கையை ஆட்டினாள்.

'என்ன அன்பான ஊர்!' என்று அவரும் கையை ஆட்டினார்.

அங்கே திரும்பிய திருப்பத்தில்தான் வழி தவறியது. சட்டைப்பையைத் தடவினார். போனும் கண்ணாடியோடு மேஜையிலேயே இருந்துவிட்டது. சாவி மட்டும் இருந்தது. எதை மறந்தாலும் சாவியை மறக்கமாட்டார். கல்யாணத்துக்கு முன் பத்து வருடம் தனியறை வாசம்.

கடைக்காரர் சொன்ன பல் டாக்டர் வேறு நத்தையில் இருந்தார். அங்கிருந்த நர்ஸ், "விலாசத்தைச் சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டாவது குறுக்குச் சந்து."

"எந்த பிளாக்கு? இங்க எல்லா பிளாக்குலயும் ஒரு ரெண்டாவது குறுக்கு இருக்கு."

"போன்லதாம்மா எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப போன் பண்ணிக் கேளுங்க. இந்தாங்க."

புது ஊர், புது நம்பர். அவருக்குத் தன்னுடையதும் தெரியாது, மனைவியுடையதும் தெரியாது.

நர்ஸ் பரிதாபப்பட்டு ஒரு பேருந்தில் ஏற்றிவிட்டாள். அது ஊரையெல்லாம் சுற்றிவிட்டு அவரை அதே அலை வீட்டுக்கு எதிரே இறக்கியது.

நான்காவது மாடிப் பெண் இப்போது ஒரு பெட்ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் இன்னும் வேகமாக உதறினாள்.

"வேலைக்கு நடுவுலயும் மறக்கலையே" என்று நெகிழ்ந்து, கையை ஆட்டிவிட்டு ஓடினார்.

வீட்டில் மனைவி புறப்பட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பாள். கத்தமாட்டாள். 'எல்லா வீட்டையும் பாத்தாச்சா?' என்று மட்டும் கேட்பாள். அதற்குக் கத்தலே தேவலை.

ஒரு டாக்ஸியை மறித்தார். "ரெண்டாவது குறுக்குச் சந்துங்க. பக்கத்துல ஒரு அழுமூஞ்சிச் சாம்பல் சுவர் இருக்கும்."

"சார், நான் டாக்ஸி ஓட்டறேன், ஜோசியம் பாக்கறதில்லை."

ஆனாலும் டிரைவர் இரண்டு மூன்று சந்துகளைக் காட்டினார். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் "இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று இறக்கிவிட்ட இடத்தில் அலை வீடு நின்றது.

அவருக்குக் கால் ஓய்ந்தது. எதிரே ஒரு பெண் செடிக்கடையை அப்போதுதான் திறந்து தொட்டிகளை வெளியே எடுத்து வைத்திருந்தாள். கடை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். வெறுங்கையோடு போய் நிற்கவும் பயமாக இருந்தது. டாக்ஸி ரசீதின் பின்புறத்தில் மனைவிக்குக் காட்டுவதற்காக அந்தக் கட்டிடத்தை வரைந்தார். கிடங்குப் படங்களில் ஆட்கள் இருப்பதில்லை. பதினைந்து வருடத்தில் முதல்முறையாக ஓர் ஆளையும் வரைந்தார். நான்காவது மாடியில் கையசைக்கும் பெண்.

நிஜப் பெண் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

தோண்டும் இயந்திரம் கொஞ்ச நேரம் நின்றது. அவர் படத்தில் மூழ்கியிருந்தார். செடிக்கடைக்காரி தெருவைக் கடந்து போய், அண்ணாந்து ஏதோ கேட்டுவிட்டு வந்தாள். இயந்திரம் மறுபடி தொடங்கியது.

"இந்த மாதிரி வீட்டுல இருக்கறவங்க எல்லாம் கொடுத்து வச்சவங்கம்மா" என்றார் அவர். "மனசும் எவ்வளவு பெரிசு பாருங்க. தெரியாத ஆளுக்குக் காலையில இருந்து சலிக்காம கை காட்டறாங்க."

மரியாதைக்காக மேலே பார்த்து அவரும் மறுபடி கையை உயர்த்தினார்.

செடிக்கடைக்காரி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"டாட்டா காட்டினது போதும், சாவியை எடுத்துக்கிட்டு ஓடுங்க சார்! இது உங்க வீட்டோட பின்பக்கம், உங்க சம்சாரத்தை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனதே நீங்கதானாம். இன்டர்வியூவுக்கு இன்னும் அரை மணி இருக்காம்!"