பரவாயில்லை என்று சாட்சி சொன்ன ஊர்

அன்புத் தம்பி ஆர்லோவுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா நம்மைப் பழக்கியிருக்கிறாள், ஆகவே சுகம். என் முழங்கால் சுகம், பூனை சுகம், ஏரியில் பனிக்கட்டியும் கெட்டியாகச் சுகமாக இருக்கிறது. டெக்சாஸில் நீயும் மார்லிஸும் உன் பழைய கார் வியாபாரமும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். மரியாதை முடிந்தது. இனி வயிற்றெரிச்சல்.

நீ எந்தக் கடிதத்தையும் பாதியில் வைத்துவிடுகிறவன் என்பதால் காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பெர்த்தோவை நாடு கடத்தப் பார்க்கிறார்கள். வழக்கு பாதி நடந்திருக்கிறது, மீதி அடுத்த மாதம். நீ விமானம் ஏறி வந்து அவனுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். ஏன் நீ என்றால், இந்த மினசோட்டாவில் பிறந்தவர்களில் வாயைத் திறந்து ஒன்றைப் புகழத் தெரிந்தவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். கதவு சாத்தாத காரைக் காற்றோட்டமான கார் என்று விற்கிறவன். இத்தனை நாள் அதற்காக உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். இப்போது அந்த வாய் எங்களுக்கு வேண்டும்.

பெர்த்தோவை உனக்கு நினைவிருக்கும், போன கிறிஸ்துமஸில் உன் வண்டி வழியில் நின்றபோது பனியில் மல்லாந்து படுத்துச் சரிசெய்தானே, அவன்தான். ஹோண்டுராஸிலிருந்து இருபது வயதில் வந்தவன், சர்ச்சின் கீழ்த்தளத்தில் என்னிடம் ஆங்கிலம் படித்தவன், இன்று இந்த வட்டாரத்தில் டிராக்டரோ பனி அள்ளும் இயந்திரமோ இருமினால் அவன் வாசலுக்குத்தான் போகும். பண்ணைக்கார ஹார்லனின் மனைவி ஐடா இறந்த ஜனவரியில் மண் இரும்பாக இறுகிக் கிடந்ததும், குழி தோண்டும் இயந்திரம் கிளம்ப மறுத்ததும், இவன் அதன் அடியில் படுத்து அதைக் கிளப்பியதால்தான் அந்த அம்மாள் அன்றைக்கே மண்ணுக்குள் போனதும் ஊருக்கே தெரியும். இவனிடம் நாட்டில் தங்குவதற்கான அனுமதி இல்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் கேட்பது நாகரிகமில்லை என்று இருந்துவிட்டோம். வண்டியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் அவனை நிறுத்தினார், அதில் ஆரம்பித்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதினவள் நான். உதாரணத்துக்கு ஹார்லனையே எடுத்துக்கொள். அவர் வண்டிக்குப் பின்விளக்கு என்ற உறுப்பே கிடையாது, அந்த இடத்தில் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது, இதுவரை ஒரு போலீஸ்காரரும் அவரை நிறுத்தியதில்லை. பார்த்தால் கைகாட்டுகிறார்கள்.

இன்னோர் உதாரணம். ஒருவன் கடையை உடைத்துத் திருடினால், வக்கீலுக்கு வழியில்லை என்றால் அரசாங்கமே அவனுக்கு ஒருவரை அமர்த்திக் கொடுக்கும். இதையும் நான் பாடம் நடத்தியிருக்கிறேன், பெருமையோடு. நாடு கடத்தும் வழக்கில் கொடுக்காது, ஏனென்றால் அது குற்ற வழக்கு இல்லையாம், சிவில் வழக்காம். திருடியிருந்தால் வக்கீல் கிடைத்திருப்பார், திருடாததால் கிடைக்கவில்லை! நல்ல வேளையாக, காசு வாங்காமல் வாதாடும் ஒரு சங்கத்திலிருந்து ஜியானா என்ற பெண் வந்தாள். நியூ ஜெர்சிக்காரி, மூச்சு விடாமல் பேசுகிறவள். என் சமையலறையில் உட்கார்ந்து, "உங்க கேஸை நான் எடுத்துக்கறேன், ஒரு பைசா வேணாம்" என்றாள். பெர்த்தோ, "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றான். "சிரமமே இல்ல." "இல்லங்க, நானே எப்படியாவது பாத்துக்கறேன்." அவள் சரி என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்! நான் செருப்போடு பனியில் ஓடி அவள் காரை மறித்தேன்.

"அவர்தான் வேணாம்னுட்டாரே, டீச்சர்?"

"ரெண்டு தடவைதானேம்மா வேணாம்னான்! மூணாவது தடவை நீ கேக்க வேணாமா? எங்க ஊர்ல மூணாவது தடவைதான் கணக்கு!"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்து மூன்றாவது தடவை கேட்டாள். "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று பெர்த்தோ ஒத்துக்கொண்டான். ஹோண்டுராஸிலிருந்து வந்தவனை இப்படிக் கெடுத்து வைத்திருப்பது யார்? நாம்தான்.

பிறகு ஜியானா சட்டத்தைச் சொன்னாள், எனக்குத் தலை சுற்றியது. இத்தனை வருஷம் இங்கே இருந்தவன், நல்லவன் என்று நிரூபித்தால் மட்டும் போதாதாம். அவனை அனுப்பினால் இங்கேயே பிறந்து குடியுரிமை உள்ள பிள்ளைக்கு அசாதாரணமான துன்பம் வரும் என்று காட்ட வேண்டுமாம். அவன் துன்பம் கணக்கில் இல்லை. தகப்பனைப் பிரிந்து பிள்ளை அழுவது சாதாரணத் துன்பமாம், அது எல்லா வீட்டிலும் நடப்பதாம், அதற்கு மேலே வேண்டுமாம். அவன் மகள் நயேலிக்குப் பன்னிரண்டு வயது, இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தாய்க்கு இறைச்சி ஆலையில் வேலை, வண்டி ஓட்டத் தெரியாது; பனியோ புயலோ பெர்த்தோதான் ஒன்றரை மணி நேரம் ஓட்டி நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறான். இதைப் போய்ச் சொன்னால் கல்லும் கரையும் என்று நினைத்தேன். சொல்லப்போகிறவர்கள் யார் என்பதை நான் யோசிக்கவில்லை.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒத்திகை வைத்தோம். ஹார்லனை நாற்காலியில் உட்காரவைத்து ஜியானா, "பெர்த்தோ எப்படிப்பட்ட மனுஷர்?" என்று கேட்டாள். ஹார்லன் கூரையைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், "ஆள் பரவாயில்ல" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல என்னம்மா இருக்கு?"

நான் பொறுமையாக, ஏழாம் வகுப்புக்குச் சொல்வதுபோல, "ஹார்லன், 'தங்கமான மனுஷன்'னு சொல்லுங்க, 'என் சொந்தப் பிள்ளை மாதிரி'ன்னு சொல்லுங்க" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏன் ஆர்டிஸ், அவனும் அங்கதானே உக்காந்திருப்பான்? காதுல விழுந்தா என்ன நினைப்பான்?" என்றார்.

வழக்கு நாள் வந்தது. சர்ச் வேனில் நாங்கள், பின்னால் குருவிக்கூட்டோடு ஹார்லனின் வண்டி, யாரும் நிறுத்தவில்லை. சர்ச் சமையலறையை ஆளும் லவான், இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நீதிமன்றத்துக்குச் சாப்பாடு எதற்கு என்றால், "வெறுங்கையோட போறதா?" என்கிறாள். வாசல் காவலர் சட்டியைச் சோதனை இயந்திரத்துக்குள் அனுப்பி எடுத்தார். அவருக்கு ஒரு தட்டு. பெர்த்தோவை அனுப்பியே தீருவேன் என்று வந்திருக்கும் அரசாங்க வக்கீலுக்கும் ஒரு தட்டு! "பாவம், காலைல சாப்பிட்ட மாதிரி தெரியல" என்றாள். நீதிபதி ஒரு பெண்மணி, மயாமியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், கம்பளிச் சால்வையோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

முதல் சாட்சி லவான். ஜியானா நல்ல கேள்வியாகத்தான் கேட்டாள்: "அப்பா இல்லாம போனா இந்தப் பிள்ளைக்கு இங்க யாரு இருக்கா?" யாருமில்லை என்று சொன்னால் முடிந்தது. லவானுக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. "யாரு இருக்காவா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்? திங்கக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன், புதன் பாஸ்டர், வெள்ளி ஹார்லன். சாப்பாட்டுக்கும் முறை போட்டாச்சு!" அரசாங்க வக்கீல் எழுந்தார், வாயோரத்தில் ஹாட்டிஷ் ஒட்டியிருந்தது. "அப்போ பிள்ளைக்கு ஒரு குறையும் வராது, இல்லையா?" "வர விட்டுருவோமா? எங்களை என்னன்னு நெனச்சீங்க?" ஜியானா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆர்லோ, யோசித்துப் பார், நல்ல மனசை வைத்துக்கொண்டு இப்படி ஒருவனை நாடு கடத்த முடியும் என்று எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

அடுத்தது நயேலி. நீதிபதி அன்பாகத்தான் கேட்டார். "டயாலிசிஸ் எப்படி இருக்கும்மா?" "பரவாயில்ல. டிவி இருக்கு." "ஊசி வலிக்குமா?" "பழகிடுச்சு." "அப்பாவை அனுப்பிட்டா என்ன பண்ணுவே?" பிள்ளை தன் காலணியைப் பார்த்துக்கொண்டே, "சமாளிச்சுக்குவோம்" என்றாள். எனக்கு மார்பில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஸ்பானிய மொழி பேசும் வீட்டில் பிறந்த பிள்ளை, வாயைத் திறந்தால் நம் அப்பா பேசுகிறார்!

பிறகு ஹார்லன். என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னார். தொப்பியைக்கூட அதே மாதிரி பார்த்தார். "பரவாயில்லன்னா, சுமாரான ஆளுன்னு எடுத்துக்கலாமா?" என்று அரசாங்க வக்கீல் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்றுவிட்டார்.

கடைசியில் பெர்த்தோ எழுந்தான். அவனுக்காக ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவன் நீதிபதியைப் பார்த்து, "அம்மா, எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேணாம். எங்க ஊர்க்காரங்களுக்குத்தான் ஒருத்தர் வேணும். நீங்க அனுமதிச்சா நானே சொல்றேன்" என்றான். அரசாங்க வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

"அம்மா, இவங்க வீட்டுக் கூரையைப் புயல் தூக்கிட்டுப் போச்சுன்னா 'கொஞ்சம் காத்து'ன்னு சொல்வாங்க. நான் வந்த புதுசுல ஹார்லனோட டிராக்டரைச் சரிபண்ணிக் கொடுத்தேன். பாத்துட்டு, 'பரவாயில்ல'ன்னார். பொழப்பு போச்சுன்னு அன்னைக்கு வீட்டுல உக்காந்து அழுதேன். மறுநாள் காலைல தன்கிட்ட இருந்த அத்தனை வண்டியையும் கொண்டுவந்து என் வாசல்ல நிறுத்திட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டார். அப்புறம்தான் எனக்கு இந்த ஊர் பாஷை புரிஞ்சுது. பரவாயில்லங்கறதுதான் இங்க உச்சி. அதுக்கு மேல படி இல்ல. சமாளிச்சுக்குவோம்னு சொன்னா, அழுகையைப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

நீதிபதி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஹார்லன் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது சரியா, ஐயா?"

"அந்த வார்த்தையை நான் எல்லாரையும் பத்திச் சொல்லிக்கிட்டுத் திரியறதில்லம்மா."

"வேற யாரைப் பத்திச் சொல்லியிருக்கீங்க?"

ஹார்லன் யோசித்த நேரத்தில் ஒரு ஹாட்டிஷ் வெந்திருக்கும். "ஐடாவைப் பத்தி" என்றார்.

"அது யாரு?"

"என் சம்சாரம்."

"எப்போ சொன்னீங்க?"

"குழிகிட்ட நின்னு."

"உயிரோட இருந்தப்போ சொல்லலையா?"

"எதுக்கு? அவளுக்குத் தெரியும்."

அரசாங்க வக்கீல்கூட வாயைத் துடைத்துக்கொண்டார். நீதிபதி நயேலியைப் பார்த்து, "நீ சமாளிச்சுக்குவோம்னு சொன்னது அப்பா சொல்ற அர்த்தத்துலதானா?" என்று கேட்டார். பிள்ளை, "கொஞ்சம்" என்றாள். பிறகு அவளாகவே, "ஹார்லன் தாத்தா நல்லா ஓட்டுவார். ஆனா பேச மாட்டார். ஊசி போடற வரைக்கும் அப்பா ஏதாவது பேசிக்கிட்டே இருப்பார். அப்பா பேசலைன்னா நான் அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டது போல எங்களையெல்லாம் பார்த்து வெட்கப்பட்டாள். நீதிபதி எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். மருத்துவரின் அறிக்கை வரட்டும், தேவைப்பட்டால் அடுத்த மாதம் மேலும் சாட்சிகளைக் கேட்கிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இதுதான் நிலைமை. சட்டம் கேட்பது அசாதாரணத் துன்பம். எங்கள் கையில் இருப்பது ஒரு 'கொஞ்சம்'. இதை நம்பி அந்தப் பிள்ளையின் தகப்பனை விட முடியாது. ஆகவே நீ வா. வந்து அழு, மேசையைத் தட்டு, தங்கம் வைரம் என்று சொல், காற்றோட்டமான காரை விற்பதுபோல அவனை அந்த நீதிபதியிடம் விற்றுக்கொடு. இந்த ஊரில் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் என்னைத் தவிர ஒருவருக்கும் இல்லை. நான் ஒருத்தி எத்தனை பேருக்காகப் பேசுவது?

மார்லிஸுக்கு என் அன்பு. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாமல், நீங்கள் இருக்கும் இடத்தில் நிம்மதியாக இருக்க எல்லாம் வல்லவர் அருள்வாராக.

இப்படிக்கு,
உன் அக்கா
ஆர்டிஸ்

பின்குறிப்பு: வராதே. தபால்தலை ஒட்டும்போது ஜியானா தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினாள். மருத்துவர் அறிக்கை போதும், வேறு சாட்சி வேண்டாம், பெர்த்தோ இங்கேயே இருக்கலாம் என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். இந்தச் சாட்சிகள் எதையும் குறைத்தே சொல்லும் இயல்புள்ளவர்கள், அதற்கேற்ப எடை போட்டேன் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறாராம். அரசாங்கம் மேல்முறையீடு போகலாமாம். மறுபடி வழக்கு வந்தால் லவானிடம் சட்டி இருக்கிறது. சற்று முன் பெர்த்தோ சோளமாவில் இறைச்சி பொதிந்து அவித்த தமாலே ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்தான். இரண்டு தடவை வேண்டாம் என்றேன், மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டேன். வாசலிலேயே நின்றான். மேலே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேனே, அத்தனையும் அவனிடம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "பரவாயில்ல, பெர்த்தோ" என்றுதான் வந்தது. அவன் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "ஐயோ டீச்சர், எனக்குப் போய் இவ்வளவு பெரிய வார்த்தையா!"