கரும்பலகையில் சுப்புராஜ்

பிரவுசிங் சென்டர் வாசலில் சுப்புராஜ் பைக்கை அணைக்காமலே கரும்பலகையைப் படித்தார். நம்பமுடியாமல் இன்னொரு தடவை படித்தார்.

'கம்ப்யூட்டர் விளையாட்டில் கள்ள ஆட்டம் ஆடியதால் தடை செய்யப்பட்டவர்: சுப்புராஜ், நாகல் நகர்.'

"ஏம்ப்பா சூசைராஜ், நான் உன் கடைப் படியவே மிதிச்சதில்லையே" என்றார்.

பாவம், மனுஷன் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மகள் முனீஸ்வரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் ஆட்டோ இந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சூசைராஜைச் சொல்லியும் குற்றமில்லை. அவனுடைய பிரவுசிங் சென்டருக்குச் சோறு போடுவதே ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டுதான். மூணாம் நம்பர் கேபினில் யாரோ, சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருப்பவனையும் காட்டிக்கொடுக்கும் சாப்ட்வேரைப் போட்டு, ஒரு வாரமாக அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். ஆளைப் பிடிக்காவிட்டால் பேகம்பூர்க் கடைக்குப் போய்விடுவோம் என்று மற்றவர்கள் மிரட்டினார்கள். வருகிறவர்களின் பெயரையும் அடையாள அட்டையையும் குறித்துப் போலீசுக்காக வைத்திருந்த நோட்டைப் புரட்டினான். மூணாம் நம்பருக்கு நேரே மத்தியானம் மூணு மணி, ரேஷன் கார்டு, சுப்புராஜ் என்றிருந்தது. அந்நேரம் சூசைராஜ் வீட்டில் உண்ட மயக்கத்தில் குறட்டை விடுவான். கடையில் இருப்பது அவன் பெண்டாட்டி இஞ்ஞாசியம்மாள். அவளைக் கேட்டதற்கு, நோட்டில் இருப்பதுதான், கேபினுக்குள் நான் எட்டியா பார்த்தேன் என்றுவிட்டாள்.

எவனோ கார்டை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, பலகையிலிருந்த பெயரைச் சூசைராஜ் அழித்தான். ஆனாலும் மிரட்டியவர்களுக்குப் பதில் வேண்டுமே. 'மில் சூப்பர்வைசர் ஒருவர்' என்று எழுதினான். அந்தத் தெருவுக்கே சூப்பர்வைசர் ஒருத்தர்தான்.

சாயங்காலம் சுப்புராஜ் மறுபடி வந்தார். சூசைராஜ் பதறிப்போய்க் கொட்டை எழுத்தில் திருத்தினான்: 'கள்ள ஆட்டம் ஆடியவர் சுப்புராஜ் இல்லை. அவர் மிகவும் நல்லவர்.' அதுவரை பேசாமல் போனவர்களெல்லாம் நின்று, சுப்புராஜ் அப்படி என்னதான் செய்தார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

மறுநாள் சுப்புராஜின் சம்சாரம் வீரலட்சுமி வந்தார். அவர் தம்பி வக்கீல் குமாஸ்தா.

"நோட்டு போலீஸ் கேட்டா காட்டுறதுக்கு, தம்பி. ஊருக்கு வாசிச்சுக் காட்டுறதுக்கில்ல. ஒருத்தரு அந்தரங்கத்த வீதியில போட்டா கேசாகும். கடைக்குப் பூட்டுத்தேன்."

சூசைராஜ் அவசரமாக எழுந்து நின்றான். என்ன செய்யணும்க்கா என்றான். பலகையைக் கழுவ வேண்டும், இனி யார் பெயரையும் எழுதக்கூடாது, சுப்புராஜ் பெயருக்குப் போட்ட தடையையும் நீக்கி எழுதித் தர வேண்டும் என்றார். கடைப்பக்கமே வராத மனுஷனுக்குத் தடை இருந்தால் என்ன, போனால் என்ன? சூசைராஜ் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பலகை பளிச்சென்றிருந்தது. சம்பந்தம் முடிவாகி, ஒரு டப்பா லட்டும் வந்தது. சூசைராஜ் ரெண்டு தின்றான். மனசு குளிர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் தூக்கம் வரவில்லை. கடைக்கு வந்து கல்லாவில் சாய்ந்துகொண்டான்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஆனா அவரு ரேஷன் கார்டு எந்தக் களவாணி கையில சிக்குச்சுன்னுதான் தெரியல" என்றான்.

இஞ்ஞாசியம்மாள் துடைக்கிற துணியோடு எழுந்தாள்.

"ரேஷன் கார்டு எந்த வீட்டுல ஆம்பள கையில இருக்கு? செத்த தள்ளுங்க, வீரலட்சுமி அக்கா பையோட வாராக, மூணாம் நம்பரத் தொடைச்சு வைக்கணும்."