டிஃபால்ட்டில் ஃபால்ட் பார்ப்பவர்

இருப்பதை இருக்கிறபடி விடுகிறவர்கள் ஒரு ரகம். விட முடியாமல் கை அரிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியின் வெளிச்சத்தைக் கூட்டி, ஃபிரிட்ஜின் குளிரைக் குறைத்து, உங்கள் போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கி, “இப்ப எப்படி இருக்குது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மிக்ஸியைப் பார்க்கப் போய்விடுவார்.

தருமபுரியில் அவருக்கு முருகேஷ் என்று பெயர். கம்ப்யூட்டர் தெரிந்தவர். யார் சொன்னது? அவர்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குல்ஷன் அக்கா கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறார். ஜாக்கெட்டில் விழும் பூ, கொடி, அன்னம் எல்லாம் சின்னச் சின்ன ஃபைல்களாகப் பல்லாயிரம், ஒரே பென் டிரைவில். அது இல்லையென்றால் மெஷின் வெறும் இரும்பு. இண்டூர் தேவிப்பிரியாவின் கல்யாண ஜாக்கெட்டை மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். அன்றைக்குப் பார்த்துப் பென் டிரைவ் திணறியது. அன்றைக்குப் பார்த்து முருகேஷும் வந்தார்.

ஃபைல்களைத் தன் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்ய உட்கார்ந்தார். உள்ளே இருக்கும் இடத்தை எவ்வளவு பெரிய துண்டுகளாக வெட்டுவது என்று ஒரு கேள்வி வந்தது. ‘டிஃபால்ட்’ என்று பக்கத்திலேயே பதிலும் இருந்தது. விவரம் தெரிந்த யாரோ யோசித்து வைத்த அளவு. விடுவாரா?

“பேருலயே ஃபால்ட் இருக்குது பாருங்கக்கா.”

“கம்பெனிக்காரன் போட்டு வெச்சதுதான தம்பி, இருக்கட்டுமே.”

“அவன் ஊருக்கெல்லாம் பொதுவா போடுவான்க்கா. நம்முளுக்குன்னு நாம போட வேண்டாமா?”

இருந்ததிலேயே பெரிய அளவைத் தட்டினார். பெரிது என்றால் வேகமாம். ஆனால் ஒரு துண்டுக்குள் ஒரு ஃபைல்தான் உட்காரும். மிச்ச இடம் வீண். ஒவ்வொரு தக்காளிக்கும் தனித்தனிப் பெட்டி கொடுத்து லாரியில் ஏற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. பாதி ஃபைல் ஏறுவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. முருகேஷ் செய்தியை மூடினார். பென் டிரைவை அக்கா கையில் கொடுத்தார். லேப்டாப்போடு அரூர் பஸ் ஏறிவிட்டார்.

குல்ஷன் மெஷினில் தேடினால், தேவிப்பிரியா கேட்ட அன்னத்தைக் காணோம். போன் போட்டார்.

“பென் டிரைவ் சின்னதுக்கா. பெருசா ஒண்ணு வாங்கிருங்க.”

“நேத்து வரைக்கும் எல்லாம் இதுலதான இருந்துச்சு? பொண்ணு அன்னம் இல்லாத ஜாக்கெட்டோட மணவறையில உக்காந்தா, உன்னையத்தான் பக்கத்துல நிக்க வெச்சு விளக்கஞ் சொல்லச் சொல்லுவேன். பஸ்ஸ வுட்டு எறங்கு தம்பி.”

இறங்கி வந்தார். மறுபடி ஃபார்மட். மறுபடி அந்தக் கேள்வி.

“இந்த வாட்டி நடுவாந்தரமா ஒண்ணு...”

“கைய எடு.”

எடுத்தார். டிஃபால்ட்டிலேயே ஓடியது. அத்தனை ஃபைலும் உட்கார்ந்து இடமும் மீந்தது. மெஷின் அன்னத்தின் கழுத்தைத் தைக்கத் தொடங்கியதும், முருகேஷ் வாசலுக்கு வந்து அங்கிருந்தவர்களிடம் சொன்னார்: “கரெக்டான செட்டிங் போட்டுக் குடுத்திருக்கறேன். யாரும் மாத்தீறாதீங்க.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு நீங்களும் யார் வீட்டுக்காவது போவீர்கள். காபி போட அவர்கள் உள்ளே போவார்கள். ஃபேன் ரெகுலேட்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அது எந்த எண்ணில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று இப்போதே யோசிக்கிறீர்கள், இல்லையா?