கண்ட்ரோல் சித்தப்பா

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். பத்து நாள் பயிற்சி வகுப்பு முடித்த பொருளாதார மாணவி என்னவெல்லாம் செய்வாள் என்பதற்குப் பழமொழி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதை என்னை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்பா இறந்த வருடம் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. வீடு வீடாகச் சேகரித்த விவரங்களை வைத்துக்கொண்டு, எது எதனால் நடந்தது என்று கண்டுபிடிக்கும் முறைகளை அப்போதுதான் கற்றிருந்தேன். ஒரு கிராமத்துக்குக் கடன் திட்டம் வந்தது, வருமானம் கூடியது. திட்டத்தால் கூடியதா, மழையால் கூடியதா? திட்டம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க யாராலும் முடியாது. அதனால் எல்லா விதத்திலும் ஒத்த, திட்டம் வராத இன்னொரு கிராமத்தைப் பிடித்து ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிடக் கிடைப்பதற்கு வகுப்பில் கண்ட்ரோல் என்று பெயர். இது தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. (விடுதியில் சாம்பார் புளித்தால்கூட, கண்ட்ரோல் சாம்பார் எங்கே என்று கேட்டேன்.)

அப்பா போனது எங்கள் ஊர் காஞ்சிபுரத்தின் வைகாசிக் கருடசேவையன்று. விடியற்காலையில் கோபுர வாசலில் பெருமாளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் பேச்சு. அம்மாதான் ஊர்வலத்தோடு கூடவே நடக்க ஆசைப்பட்டாள். வெயில் ஏறிய பிறகு, கூட்டத்தின் நடுவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அதன்பின் அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பேசினாள்.

"முடியல, போதும்னாரு உங்கப்பா. நான்தான் இழுத்துக்கினு போனேன்."

சோறு போட்டு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு அதையே சொல்வாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, ஆறுதல் சொல்வதுபோல, "சக்கரை இருக்கிற உடம்பு, வெயில் தாங்குமா?" என்று பெருமூச்சு விடுவார். ஒவ்வொரு பெருமூச்சுக்கும் அம்மா இன்னும் கொஞ்சம் இளைத்தாள். அப்பாவுக்காக அழக்கூட எனக்கு நேரமில்லை. அம்மாவும் போய்விடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

வேறு மகளாக இருந்தால் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாள். நான் ஆய்வைத் தொடங்கினேன். தெருவில் அப்பா வயது ஆண்களைப் பிடித்து, கருடசேவைக்குப் போனீர்களா என்று கேட்டேன். ஒப்பிடுவதற்குப் போகாதவர்கள் வேண்டுமே. ஒருவர்கூடச் சிக்கவில்லை. கருடசேவைக்குப் போகவில்லை என்று வாய் திறந்து சொல்லும் ஆள் சின்ன காஞ்சிபுரத்தில் இன்னும் பிறக்கவில்லை. முட்டி வலியால் கட்டிலை விட்டே இறங்காத எதிர்வீட்டுக்காரர்கூட, "பெருமாள் இந்த வருசம் என்ன அழகு தெரியுமா?" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. அண்ணன் தம்பியை ஒப்பிடும் முறை ஒன்று இருக்கிறதே என்று சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம். சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் ஷாமியானாவின் கீழ் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மறுபடியும் ஆரம்பித்தாள். நான் எழுந்து நின்றேன். கருமாதிப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கட்டமெல்லாம் போட்டுத் தயாராக இருந்தேன்.

"சித்தப்பாவைப் பாருங்க. அப்பாவோட ரத்தம். அதே சக்கரை, அதே பிரஷர், அதே பீடி. அவரும் அன்னிக்கு ஊர்வலத்துல வெயில்ல நடந்தாரு. நல்லாத்தானே இருக்காரு? அப்போ வெயில் காரணம் இல்ல. அம்மாவும் காரணம் இல்ல."

(ஒரே ஒரு ஆளை வைத்து முடிவு சொன்னேன். என் ஆசிரியர் அங்கே இருந்திருந்தால் பாதிப் பந்தியில் இலையை மடித்துவிட்டுப் போயிருப்பார்.)

அம்மா தலையைத் தூக்கிச் சித்தப்பாவைப் பார்த்தாள். "நெசமாவாபா? நீயும் வெயில்ல நடந்தியா?"

ஒரு "ஆமாம்" போதும். அதுவரை நெற்றி நிறைய நாமத்தோடு ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்துக்கு நேரே அவருக்குப் பொய் வரவில்லை.

"நான் போகல அண்ணி. ஜரிகைக் கடை மாடியில ஃபேனைப் போட்டுக்கினு தூங்கிட்டேன். அண்ணன் போன் பண்ணாரு. எடுத்தா வாடான்னு கூப்புடுவாருன்னு கட் பண்ணிட்டேன்."

அத்தைதான் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அப்போ, வெயில்ல நடந்த அண்ணன் போய்ச் சேர்ந்துட்டான். தூங்கின தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கான். இதைத்தானேம்மா உன் படிப்பு சொல்லுது?"

படிப்பு அதைத்தான் சொன்னது. தெருத்தெருவாகத் தேடியும் கிடைக்காத கண்ட்ரோல் என் வீட்டு ஷாமியானாவிலேயே உட்கார்ந்திருந்தது. அம்மாவைக் காப்பாற்ற எழுந்தவள், அவள்மேல் இருந்த பழியைச் சாட்சியோடு நிரூபித்துவிட்டு நின்றேன். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. (விழுங்கவில்லை.)

சித்தப்பா அழ ஆரம்பித்தார். "போனை எடுத்திருந்தா நானும் கூட இருந்திருப்பேன். அண்ணனைத் தூக்கிக்கினு ஓடியிருப்பேன்."

அம்மா எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள்.

"நீ வந்திருந்தாலும் நடக்கிறது நடந்திருக்கும்பா. வூட்ல படுத்துக்கினு இருந்தாலும் வந்திருக்கும்னு டாக்டரே சொன்னாரு. நீ ஒண்ணும் பண்ணல."

டாக்டர் அதை அம்மாவின் மனசு ஆறட்டும் என்று அம்மாவிடம்தான் சொல்லியிருந்தார். அதில் ஒரு சொல்லைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அவள் அப்படியே சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். நான் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே, அன்றுதான் அப்பாவுக்காக அழுதேன்.

அன்றிலிருந்து அவர் கண்ட்ரோல் சித்தப்பா. வீட்டுக் குழந்தைகளுக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. கல்யாண வீடுகளில், "கண்ட்ரோல் சித்தப்பாவுக்குச் சக்கரை இல்லாம ஒரு காபி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் கையைத் தூக்குவார். நான் இப்போது ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். கேட்டதும் எல்லோரும் ஆமாம் என்று சொல்லும் கேள்வியை நம்பாதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். ஏன் என்று மாணவர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அம்மா அதன்பின் கருடசேவைக்குப் போனதில்லை. அன்று காலையில் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து அவளுக்குத் துணையாக உட்கார்ந்துகொள்வார். இந்த வருடம் நானும் வந்திருந்தேன். மேளச் சத்தம் நெருங்கியபோது சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

"வாங்க அண்ணி, தெருமுனை வரைக்கும் போய் சேவிச்சிட்டு வந்துடலாம். நான் கூட வரேன்."

"நாம ரெண்டு பேரும் போயிட்டா இவ யாரை யாரோட ஒப்பிட்டுப் பார்ப்பா? பாவம், படிச்ச பொண்ணு" என்றாள் அம்மா.

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மேளம் தெருமுனையைக் கடந்து போகும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.