அரைவாசி அண்ணையும் வெளிப்பைப்பும்

ஒரு வேலையைத் தொடங்குவதில் அரைவாசி அண்ணையை வெல்ல ரொறன்ரோவில் ஆள் பிறக்கவில்லை. முடிப்பதில் வெல்ல ஒரு பூனைக்குட்டி போதும். ஒரு கன்னத்தைச் சவரம் செய்துவிட்டு ரெலிபோன் எடுக்கப் போனவர், மற்றக் கன்னத்துத் தாடியோடு கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு என் மகனுடைய வயது. நேரில் தம்பி என்பேன். மற்றவர்களோடு கதைக்கும்போது நானும் அண்ணை என்று சொல்லி என் வயதைக் குறைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மில்லிக்கனில் அவருடைய வீட்டு பேஸ்மென்றில் நானும் மகனும் மருமகளும் வாடகைக்கு இருந்தோம். தோட்டத்துக்குத் தண்ணீர் விட வெளிச்சுவரில் ஒரு பைப் இருந்தது. குளிர் தொடங்க முதல் அதில் கொழுவிய ஹோஸைக் கழற்றி, பேஸ்மென்ற் முகட்டில் இருக்கும் வால்வைப் பூட்டி, வெளியே பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடவேண்டும். முதல் வருடம் இவர் ஹோஸை மட்டும் கழற்றினார். சுவருக்குள் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, என் கட்டிலில் கொட்டியது. பனிக்காலத்தில் படுத்தபடி தீர்த்தமாடிய கிழவி நான் ஒருத்திதான்.

அடுத்த வருடம் எங்களிடம் கைக்குழந்தை ஒன்று வந்துவிட்டது. மகன் சொல்லிவிட்டான்.

"இந்த முறையும் வெடிச்சால் டோர்செட் பார்க்கிலை அப்பார்ட்மென்ற் எடுத்துப் போறதுதான், அம்மா."

எனக்குப் போக விருப்பமில்லை. பதினாலாம் மாடியில் இவ்வளவு பகிடி கிடைக்குமா?

மகனே வால்வைப் பூட்டப் போனான். அண்ணை மறித்தார். "நான் விட்ட பிழை. நான்தான் பூட்டுவன். ஒருத்தரும் தொடக்கூடாது!"

சனிக்கிழமை காலை ஹோஸ் கழற்றப் போனார். பக்கத்தில் தொட்டிக் கறிவேப்பிலை குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதை உள்ளே தூக்கி வந்தார். அதற்கு வெளிச்சம் வேண்டுமென்று பல்ப் வாங்கப் போனார். பல்ப் கடைக்குப் பக்கத்தில் மீன்கடை. பின்னேரம் விளைமீனோடு வந்து இறங்கினார்.

"தம்பி, பைப்?"

"எந்தப் பைப், அன்ரி?"

"என்ரை தலையிலை வெடிச்ச பைப்."

"ஐயோ! உதுக்குத்தானே வெளிக்கிட்டனான்!"

மனைவி வசந்தி தலையில் கைவைத்தாள். "இஞ்சையப்பா, கையிலையாவது எழுதி வையுங்கோவன்."

"எழுதினனான். கை கழுவிட்டன்."

பிறகு தானே ஒரு உபாயம் கண்டுபிடித்தார். தன் பனிச்சப்பாத்து இரண்டையும் கயிற்றில் கட்டி வால்வில் தொங்கவிட்டார்.

"சப்பாத்தில்லாமல் வேலைக்குப் போகேலாது. எடுக்க வந்தால் வால்வு கண்ணிலை படும். எப்பிடி, அன்ரி?"

"இப்பவும் கண்ணிலை படுதுதானே, தம்பி. பூட்டிவிடுங்கோவன்."

"பொறுங்கோ, முதல் ஹோஸைக் கழட்டிப்போட்டு வாறன்" என்று மேலே ஏறினார். மேலே ரெலிபோன் அடித்தது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் மெல்லிய பனி விழுந்திருந்தது. வசந்தி மேலிருந்து கத்தினாள்.

"அன்ரி! என்ரை ரோஸ் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வேலைக்குப் போட்டார் மனுசன்!"

அன்று இரவு கடுங்குளிர் என்று ரேடியோ சொன்னது. மகன் வெறும் பெட்டிகளைத் தேடத் தொடங்கினான்.

வேலையிடத்தில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பின்னேரம் அண்ணை தன் சப்பாத்தைத் தேடி நேரே கீழே வந்தார். வால்வைக் கண்டார். பூட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கதைக்கத் தொடங்கிவிடுவார். மேலே ரெலிபோன் அடித்தது. முதல்தடவையாக அது அவருடைய காதில் விழவில்லை. வெளியே ஓடினார். யன்னலால் பார்த்தேன். ஹோஸைக் கழற்றி, பைப்பைத் திறந்துவிட்டு, ரோஸ் சப்பாத்தோடு பனிக்குள் நின்றார். ஓரிடத்தில் நில்லாத மனிதர், கடைசிச் சொட்டு விழும்வரை நின்றார்.

"அன்ரி, முழுக்க முடிஞ்சுது!"

தெருவுக்கே கேட்டது. வாசற்கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

நாங்கள் அப்பார்ட்மென்றுக்குப் போகவில்லை.

பிறகொரு நாள், படிப்பில் கவனம் நிற்கவில்லையென்று அண்ணை தன் மகளை டொக்டரிடம் கூட்டிப்போனார். ஏ.டி.எச்.டி என்று பெயர் சொல்லி, கவனம் சிதறும், தொடங்கியது முடியாது என்று டொக்டர் அதை விளங்கப்படுத்தினாராம். அண்ணை கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். "டொக்டர், உது என்ரை சாதகமெல்லோ!"

இப்போது அவர் பிறம்ரனுக்கு வீடு மாறிப் போய்விட்டார். எங்களுக்கும் ஒரு வீடு, வெளிச்சுவரில் ஒரு பைப். குளிர் எட்டிப்பார்க்கும் கிழமை ரெலிபோன் தவறாமல் வரும்.

"அன்ரி, முக்கியமா ஒண்டு சொல்லத்தான் எடுத்தனான்..."

கறிவேப்பிலை, விளைமீன், வசந்தியின் முழங்கால் எல்லாம் வரும். எடுத்த காரியம் மட்டும் வராது.

"சரி அன்ரி, ஞாபகம் வந்தால் திருப்பி எடுக்கிறன்."

ரெலிபோனை வைத்துவிட்டு, நான் கீழே இறங்கி வால்வைப் பூட்டுவேன்.