தூங்குகிறவரிடம் யாரும் கேட்கவில்லை

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு உங்கள் அண்ணன் மகன் எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் முதல் கதைத் தொகுப்பின் அட்டைக்கு இணையத்தில் ஒரு படம் கிடைத்தது. கிடங்கு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு காவலாளி வாய் பிளந்து தூங்குகிறார். யாரும் திருடக் கூடாதென்று, எடுத்தவர் தன் பெயரைச் சரியாக அந்த முகத்தின் குறுக்கே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். நான் திருடவில்லை. முறையாக அனுமதி கேட்டேன். எட்டுப் பக்கப் படிவம் வந்தது. அவர் பெயரை எந்த அளவில் போட வேண்டும், ஓரத்தை வெட்டலாமா, நிறத்தை மாற்றலாமா, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நேற்று குறுக்கே இருந்த பெயரை நீக்கிய பெரிய படம் வந்து, திறந்து பார்த்தால் நீங்கள். இடது காதில் பஞ்சோடு. பின்னால், இணையத்துச் சின்னப் படத்தில் படிக்க முடியாத கிடங்கின் பெயர்ப்பலகை, பளிச்சென்று.

வேலை நேரத்தில் தூங்கியதாக மேலாளர் ஏற்கெனவே இரண்டு முறை எழுதி வாங்கியிருக்கிறார், மூன்றாவது முறை வீட்டுக்குத்தான் என்று நீங்களே சொன்னீர்கள். பதறிப்போய்ப் படக்காரருக்குப் போன் போட்டு, "அவர்கிட்ட கேட்டீங்களா சார்?" என்றால், "எப்படிங்க கேக்கறது? எழுப்பினா படம் போயிடும்ல?" என்கிறார். பதிப்பாளர் அதுக்கும் மேல. "அவரு என்ன, புத்தகமா படிக்கப் போறாரு? விடுப்பா." பன்னிரண்டு மணி நேரம் உட்கார வச்சு, கழிப்பறைக்குப் போகக்கூட மாத்து ஆள் தராத கிடங்குக்காரனை எவனும் படம் எடுக்கலை. எடுத்தவனுக்கு எட்டுப் பக்கம் உரிமை, அசந்து தூங்குனவருக்கு அரை வரி கிடையாதா சித்தப்பா? அடுத்தவன் வாழ்க்கையைக் கேக்காம எடுத்து விக்கறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாதுன்னு அங்கேயே சத்தம் போட்டுட்டு, அட்டையை நிறுத்திட்டு வந்துட்டேன். நீங்க சரின்னா போடறேன், இல்லன்னா வெறும் மஞ்சள் அட்டைதான். வீம்புக்குச் சொல்லலை.

சித்திக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி தூங்காதீர்கள், கழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன் மகன்

பி.கு.: உள்பக்கங்கள் போன வாரமே அச்சாகிவிட்டன. நான்காவது கதையில் வரும் காவலாளி நீங்கள்தான். காதுப் பஞ்சு, சித்தியோடு போட்ட சண்டை, என்னிடம் மட்டும் சொன்ன அந்த விஷயம், எல்லாம் இருக்கிறது. உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை போயிருக்கும்.