கோட்டண்ணையோடு பெண் பார்க்கப் போனது

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எந்த இடத்தில் எந்த 'ற' என்பது எனக்கு என்றைக்கும் தகராறுதான். அச்சுக்கோக்கிற தம்பி பொறுமையாகத் திருத்திப் போடவேண்டும். ஆனாலும் கோட்டண்ணையைப் பற்றி எழுதாமல் விடுவது என் எழுத்துப் பிழைகளையெல்லாம் விடப் பெரிய பிழை.

லண்டனில் குளிர் என்பது கோட்டண்ணை சம்மதித்தால்தான் ஒரு தமிழன் மேல் படும். அவ்வளவு அதிகாரம் அவருக்கு. சொந்தப் பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம், நான் ஜெர்மனியிலிருந்து பஸ்ஸிலும் கப்பலிலுமாக லண்டனுக்கு வந்தேன். வந்தது பெண் பார்க்க. எனக்கு வயது முப்பத்தெட்டு. அதற்கு முன் பேசிய சம்பந்தங்கள் எல்லாம் என் படிப்பைக் கேட்டதும் நின்றுபோயின. இதுவும் தப்பினால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

தங்குவதற்கு இடம் தந்தது ஈஸ்ட் ஹாமில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் வாடகைக்கு இருந்த வீடு. அந்த வீட்டில் மூத்தவர் கோட்டண்ணை. அவரே பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். சுகம் விசாரிக்கவில்லை. என் கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரலை விட்டு உடுப்புகளை எண்ணினார்.

"ரெண்டுதானே போட்டிருக்கிறாய்? உனக்கென்ன விசரோ? இஞ்சை நாலு போடவேணும்."

"ஜெர்மனியிலையும் குளிர்தானே அண்ணை."

"அது காய்ஞ்ச குளிர். இது ஈரக் குளிர். காதுக்குள்ளாலை பூந்து முழங்காலிலை போய்க் குந்தியிருக்கும்."

ஒரு சால்வையால் என் காதுகளை இறுக்கிக் கட்டினார். ஈஸ்ட் ஹாம் போய்ச் சேரும்வரை அவர் கதைத்துக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆள் யார் எவர் என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ரயிலில் எதிரே இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கோட்டு திறந்திருந்தது. கோட்டண்ணை தன் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். பிறகு இருமிக் காட்டினார். கடைசியில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தும் காட்டினார். அந்த அம்மா அவசரமாகக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு 'தாங்க் யூ' என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வெறும் மேலோடு நின்ற ஐயரிடம் அண்ணை ஒரு கம்பளிச் சட்டையை நீட்டினார்.

"சிவபெருமானுக்குக் கைலாயத்துக் குளிர் பழக்கம் ஐயா. உங்களுக்கு மானிப்பாய் வெயில்தானே பழக்கம்?"

ஐயர் சிரித்துக்கொண்டே திருநீற்றை அவர் நெற்றியில் கொஞ்சம் பலமாகவே பூசினார்.

அந்த வீட்டுக்கே ஒரேயொரு நல்ல கோட்டு இருந்தது. அண்ணையுடையது. சந்தன நிறம். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு. வேலை கேட்டுப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், ஊருக்குப் படம் அனுப்புகிறவன் எல்லாரும் அதைத்தான் போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் அந்தக் கோட்டின் படம் வேறு வேறு தலைகளோடு தொங்குகிறது என்று பொடியன்கள் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லண்டனின் மறுபக்கத்தில், நோர்பரியில் பெண் வீடு. அண்ணை எனக்கு இரண்டு பனியன், ஒரு சட்டை, அதற்கு மேல் சந்தையில் மலிவாக வாங்கிய ஊதா நிறக் கம்பளிக் கார்டிகன் என்று போட்டுவிட்டார். அது பெண்கள் போடுகிற கார்டிகன். கழுத்தில் பூ வேலை இருந்தது.

"ஆர் பாக்கப் போகினம்? மேலை கோட்டு இருக்கெல்லோ. என்ன வந்தாலும் கழட்டாதை."

கோட்டு என்னிடம் வந்துவிட்டதால், அவர் பூப்போட்ட போர்வை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு கூடவே வந்தார். அந்தத் தெருவில் திரும்பியதும் அவருடைய நடை மெதுவானது. பச்சைக் கதவைக் கண்டதும் நின்றேவிட்டார்.

"உந்த வீடோ? சரி, நீ போ. நான் வெளியிலை நிக்கிறன்."

ஏன் என்று கேட்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

உள்ளே ஹீட்டர் அடுப்புப் போலக் கொதித்தது. பெண்ணின் தகப்பனார் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கறுப்புப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோட்டைக் கழட்டுமன், தம்பி."

"இல்லை ஐயா. குளிருது."

சொல்லும்போதே மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி வியர்வை மடியில் விழுந்தது. பெண் தேத்தண்ணீரோடு வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பா, இவர் மயங்கி விழப்போறார்."

அந்த நேரம் பார்த்து அவளுடைய தாயார் ஜன்னலடியிலிருந்து கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ, பஸ் ஸ்டாப்பிலை ஒராள் போர்வையைப் போத்துக்கொண்டு நிக்குது. எங்கடை வீட்டையே பாக்குது."

தகப்பனார் எழுந்துபோய்ப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய், கோட்டண்ணையைப் போர்வையோடு உள்ளே கூட்டிவந்தார். அண்ணை முதலில் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்து, "நல்ல சூடு" என்றார்.

"போன வருசமும் உந்தக் கோட்டோடைதானே ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? கணக்காளர் எண்டு சொன்னவர். விசாரிச்சால் பெற்றோல் செட்டிலை நிக்கிறார்!" என்றார் தகப்பனார்.

"கோட்டு பொய் சொல்லேல்லை அண்ணை, ஆள்தான் சொன்னது" என்றார் கோட்டண்ணை. "எனக்கும் பிறகுதான் தெரியும். இவன் அப்பிடியில்லை. பொய் சொல்ல வாயைத் திறக்கவேணுமே!"

தகப்பனார் சிரிக்கவில்லை. "எழும்புங்கோ" என்று சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. நான் எழுந்து கோட்டைக் கழற்றினேன். ஊதா கார்டிகன் பூவும் தானுமாக வெளியே வந்தது.

"கோட்டு அண்ணையின்ரை. இதுவும் அவரின்ரை. நான் ஐஞ்சாம் வகுப்புத்தான் படிச்சனான். ஜெர்மனியிலை சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுறன். வேறை ஒண்டும் இல்லை."

அதுவரை என் வாழ்க்கையில் நான் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். பெண்தான் முதலில் சிரித்தாள். தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்றார் தகப்பனார்.

"கோப்பை கழுவத் தெரிஞ்ச மாப்பிளை எண்டால் எனக்கு ஓம்."

என் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு போனது. எத்தனையோ வருடமாக உள்ளே நின்ற மூச்சு அது. தகப்பனாரும் ஒரு மூச்சு விட்டார். கோட்டண்ணை மட்டும், "வேர்வையோடை நிக்காதை, சளி பிடிக்கும்" என்று போர்வையை என் தலையில் போட்டார்.

அடுத்த சித்திரையில் கல்யாணம். என் தாய் தகப்பன் யுத்தத்துக்குள் அகப்பட்டு ஊரில்; வர வழியில்லை. மணவறையில் என் தகப்பனார் நிற்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஐயர் "மாப்பிள்ளை பக்கம் ஆர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கோட்டண்ணை வந்து அந்த இடத்தில் நின்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

எழுதி முடித்தது: 1998 கார்த்திகை 15, ஞாயிற்றுக்கிழமை.